பாத்ரூம் கதவருகே தொங்கும் சாக்ஸ்

அவனியாபுரத்தில் அக்கா வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் யாரும் ஒரு கேள்வி கேட்காமல் போனதில்லை. பாத்ரூம் கதவை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அந்த ஆணியில் சாக்ஸ் ஒன்று தொங்குகிறது. ஜோடி இல்லை, ஒற்றை. பெண்கள் போடுகிற, கணுக்கால் வரைக்கும் வரும் நைலான் சாக்ஸ். மேல்வாயிலிருந்து பாதி வரைக்கும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கும். நிறம் என்னவென்று கேட்டால், பரோட்டாவுக்குப் பிசைந்து வைத்த மைதா மாவின் நிறம். வந்தவர்கள் கை கால் கழுவப் போவார்கள், அதைப் பார்ப்பார்கள், திரும்பி வந்து, "என்னக்கா, ஒத்தச் சாக்ஸத் தொங்க விட்டிருக்கீக?" என்பார்கள். அக்கா முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "எங்க வீட்ல சாக்ஸ் போட்டுத்தான குளிப்போம்" என்று சொல்லுவார். கேட்டவர் முழிக்கிற முழியை ஒரு நிமிஷம் ரசித்துவிட்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கதையைத் தொடங்குவார். அந்தக் கதையை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பாகச் சொன்னதை நான் சிரிக்காமல் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் வரும் மேனேஜரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில் இருக்கும் பெரிய ஜவுளிக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் பட்டுப் பிரிவில் மூத்தவர், நான் அவருக்குக் கீழே சேர்ந்தவள். அவருடைய வீட்டுக்காரர் மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றும் வேலைக்குப் போவார். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு நகர்ந்ததே அக்காவின் கடைச் சம்பளத்தில்தான். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் விளம்பரம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுகிற கூட்டம் அது.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கடைக்குள்ளே மகாலட்சுமி குடியிருக்கிறாள், ஆகையால் வேலை செய்கிறவர்கள் செருப்பைக் கீழ்த்தளத்தில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மேலே வர வேண்டும். வாங்க வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுச் சேற்றோடு வந்தாலும் லட்சுமிக்குக் கோபம் வராது. மேனேஜர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு டக் டக் என்று நடந்தாலும் வராது. எங்கள் கால் மட்டும்தான் அவள் கண்ணை உறுத்தும். தரை முழுக்க முகம் பார்க்கிற மாதிரி தேய்த்த கிரானைட். மேலே ஏசி. காலையில் அந்தக் கல்லில் காலை வைத்தால் ஐஸ் கட்டியில் வைத்த மாதிரி சில்லென்று ஏறும். ராத்திரி கடை சாத்தும்வரை அதன் மேலேயே நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இப்படி நின்று நின்று, வெறுங்காலோடு நடந்து நடந்து, சேர்ந்த ஆறு மாதத்தில் எங்கள் எல்லாருடைய குதிகாலும் வெயில் காலத்துக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிடும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம், காலையில் மறுபடியும் அதே கல்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கடை சின்னதாக இருந்த காலத்தில் அவரும் வேட்டி துண்டு பிரிவில் நின்றவர்தானாம். அப்போதிருந்தே இருந்தவர்கள் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு வந்து மேனேஜர் ஆனதும் முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "இங்க அண்ணன் தங்கச்சின்னு யாரும் கெடையாது, சார்னு கூப்பிடணும்" என்றார். சரி, சார் என்றே கூப்பிட்டோம். மனுஷனுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். முதலாளி கார் வந்து நின்றால் போதும், வில்லாக வளைவார். கார் போனதும் நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்புவார். பவுடர் போட்ட முகம், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சீப்பு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கண்ணாடித் தூணுக்கு முன்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டிருப்பார். நாங்கள் தண்ணீர் குடிக்கப் போனால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பட்டுப் பிரிவில் சீலை காட்டும்போது மட்டும் நாங்கள் தரையில் நிற்பதில்லை. வெள்ளை விரிப்பு போட்ட உயரமான மெத்தைமேடை மேலே நின்றுதான் சீலையை விரித்துக் காட்டுவோம். வாங்க வந்தவர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எங்கள் பாதம் அவர்களுடைய கண்ணுக்கு நேராக இருக்கும். ஒருநாள் வெளியூரிலிருந்து காரில் வந்த ஓர் அம்மா, கொத்துக் கொத்தாகப் பட்டுச்சீலை எடுத்துவிட்டுப் போகும்போது மேனேஜரிடம், "சீலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்தப் பொண்ணுங்க காலப் பாத்தாத்தான் சகிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மேனேஜர் முகம் சுண்டிப்போய்விட்டது. வேறு மனுஷனாக இருந்தால், ஏன் இத்தனை பேர் காலும் ஒரே மாதிரி வெடித்துக் கிடக்கிறது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பான். ரப்பர் செருப்பு ஒன்று போட்டுக்கொள்ளட்டும் என்று முதலாளியிடம் கேட்டிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வாரம் அட்டைப்பெட்டி நிறையச் சாக்ஸ் வந்து இறங்கியது.

"தோல் கலரு. போட்டா போட்டதே தெரியாது" என்று சொல்லி ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுத்தார். யாருடைய தோலின் கலர் என்று அவர் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி காலும் அந்த நிறத்தில் இல்லை. கருத்த காலில் அதை மாட்டிக்கொண்டு நின்றால், மாவுக் கட்டு போட்ட மாதிரி இருந்தது. "உங்க காலப் பாத்தா கஸ்டமர் எந்திரிச்சு ஓடுறாக. இனிமே யாரும் சாக்ஸ் இல்லாம மேடையில ஏறக் கூடாது" என்றார். வெடிப்பைக் கொடுத்தது அவருடைய கல். மறைக்கச் சொன்னதும் அவரே. ஒன்றிரண்டு பேருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, குளிர் கொஞ்சம் குறையுமே என்று. அந்தச் சந்தோஷம் குடோன் படி ஏறும்வரைதான்.

குடோன் என்பது பட்டுப் பிரிவுக்கு மேலே ஓர் அரை மாடி. லிஃப்ட் அங்கே நிற்காது. பிரிவின் ஓரத்தில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. அதையும் விடவில்லை, கிரானைட்டில்தான் போட்டிருந்தார்கள், அதையும் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தப் பளபளப்போ! வாங்க வந்தவர்கள் வேறு நிறம், வேறு கரை என்று கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சீலையை அடுக்கி எடுத்து வர வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையிலிருந்து தாடை வரைக்கும் அடுக்கி, மேல் சீலையைத் தாடையால் அழுத்திக்கொண்டு இறங்குவோம். கீழே படி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியைப் பிடிக்கக் கை கிடையாது. காலில் நைலான். வெறுங்காலாக இருந்தவரைக்கும் விரலைக் கல்லில் ஊன்றி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தோம். சாக்ஸ் வந்த பிறகு விரலும் போச்சு.

வரிசையாக விழ ஆரம்பித்தோம். ஒருத்தி உட்கார்ந்த வாக்கில் கடைசிப் படி வரைக்கும் வழுக்கி வந்து, ஒரு மாதம் நேராக உட்கார முடியாமல் கிடந்தாள். இன்னொருத்திக்கு முன்பல் பாதி போய்விட்டது. எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. விழுந்தவள் முதலில் வலியைப் பார்க்க மாட்டாள், யாராவது பார்த்தார்களா என்றுதான் பார்ப்பாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்துவிடுவாள். சுற்றி நிற்கிறவர்கள் களுக்கென்று சிரிப்பார்கள். விழுந்தவளும் சேர்ந்து சிரிப்பாள். விழுவது என்னவோ மானக்கேடான காரியம் மாதிரி. மேனேஜருக்கு இந்தப் பழக்கம் ரொம்ப வசதி. ஒவ்வொரு தடவையும் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" கண் முன்னால்தான் இருந்தது ஐயா, அதை மறைத்துக்கொண்டு உங்கள் பட்டுச்சீலை இருந்தது.

அக்காதான் ஒருநாள் துணிந்து போய்க் கேட்டார். "சார், மேடையில சாக்ஸ் போட்டுக்கிறோம். படியேறுறப்ப மட்டும் கழட்டிக்கிறோம் சார். ரொம்ப வழுக்குது." மேனேஜர் சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "கழட்டி மாட்டி, கழட்டி மாட்டின்னு இருந்தா, யாவாரம் பாக்கவா, சாக்ஸ் மாட்டவா? நடக்கத் தெரியாதவளுகெல்லாம் கல்லு கோணல்னு வந்துருவாளுக." பாதிப் படிக்காவது ஒரு சாக்குத் துணி விரித்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, கடை அசிங்கமாகப் போய்விடும் என்றார். ஆனால் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது பாருங்கள், செய்தார். பல் உடைந்த மறுநாள் காலையில் பெரிய படிகாரக் கட்டி ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கட்டிப் படிக்கு மேலே தொங்க விட்டார். யாரோ கண் வைத்துவிட்டார்களாம், திருஷ்டியாம். எங்கள் பித்தவெடிப்புக் காலைப் பார்த்து எவள் கண் வைத்திருப்பாள்! தூ என்று துப்பலாம் போல இருந்தது எனக்கு. அந்தக் கல்லில் துப்பினால் அதிலும் எவளாவது வழுக்கி விழுவாள் என்று விழுங்கிக்கொண்டேன்.

நான் இப்படிக் கரித்துக் கொட்டும்போதெல்லாம் அக்கா என்னைத்தான் அடக்குவார். "விடுடி. அந்தாளு அந்தப் படியில ஒரு நாளு ஏறியிருப்பாரா? ஏறிப் பாத்தாத்தான தெரியும். நாம சொன்னா வேலைக்குச் சோம்பிக்கிட்டு சாக்குச் சொல்றோம்னு நெனைக்கிறாரு. தெரியாத மனுசன்கிட்ட கோவப்பட்டு என்ன ஆகப் போகுது?" அது உண்மைதான், அவர் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. படி தொடங்குகிற இடத்தில் சுவரில் லட்சுமி படம் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். அங்கே ஷூவோடு யாரும் போகக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லி, கேமராவும் மாட்டியிருந்தார். ஷூவைக் கழற்றுவது மேனேஜருக்குக் கௌரவக் குறைச்சல். ஆகவே எதுவாக இருந்தாலும் எங்களைத்தான் ஏற்றுவார். தெரியாத மனுஷன் என்று அக்கா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இல்லையென்று அடித்துச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

அது ஓர் ஆடித் தள்ளுபடிச் சமயம். கடையில் எள் போட்டால் எண்ணெயாகிற கூட்டம். மேனேஜர் கீழேயிருந்து, "எம்புட்டு நேரம்? கஸ்டமர் எந்திரிக்கப் போறாக, ஓடி வா, ஓடி வா" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா தாடை வரைக்கும் அடுக்கிக்கொண்டு இறங்கினார். நான் படிக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன், வாங்கிக்கொள்ள. பாதிப் படியில் அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே முன்னால் போனது. சத்தம்கூடப் போடவில்லை. உட்கார்ந்து, புரண்டு, சீலைகளோடு சீலையாக என் காலடியில் வந்து விழுந்தார். வலது மணிக்கட்டு பார்க்க முடியாதபடி வளைந்து கிடந்தது. கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. மேனேஜர் ஓடி வந்தார். குனிந்தார். எதைத் தூக்கினார் தெரியுமா? சீலையை. ஒவ்வொன்றாக எடுத்து, ஜரிகை பிரிந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நானும் மேனேஜரும் அக்காவை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அக்கா என் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். மேனேஜர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, திடீரென்று தேனாகப் பேச ஆரம்பித்தார். "இங்க பாரும்மா. டாக்டர் கேட்டா, வீட்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு. கடைன்னு சொன்னா அது லேபர் ஆபீஸு, அது இதுன்னு உன்னையத்தான் அலைய விடுவாய்ங்க. வைத்தியம் நாங்க பாக்குறோம். ஒன் வேலை எங்கயும் போயிராது, அதுக்கு நான் பொறுப்பு. மாத்திச் சொன்னயின்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது பாத்துக்க." அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "சரி சார்" என்றார். அந்த வேலை போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது என்பது எனக்கும் தெரியும். நானும் தலையை ஆட்டினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். "எப்பிடிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்: "வீட்ல டாக்டர். பாத்ரூம்ல. காலையில குளிக்கப் போறப்ப ஈரத்துல வழுக்கிருச்சு." அந்த நேரம் பார்த்து நர்ஸ் அக்காவின் வீங்கிய காலிலிருந்து சாக்ஸைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். "பாத்ரூம்லயா? சாக்ஸ் போட்டுக்கிட்டா?" என்றார். "அது... குளிருக்கு டாக்டர்" என்றார் மேனேஜர். ஆடி மாதம், மதுரை, குளிர்! சொல்கிற ஆளின் சட்டையே வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அதுவரைக்கும் சொன்னபடிதான் செய்யப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தாராம். அந்தக் குளிர் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே என்னவோ அறுந்துவிட்டது என்று பின்னால் சொன்னார். வலியில் கண்ணில் நீர் வடிய, குரல் மட்டும் தெளிவாக, "ஆமா டாக்டர், பாத்ரூம்லதான்" என்றார். "எங்க வீட்டு பாத்ரூம்ல கிரானைட்டுப் படி இருக்கு, அரை மாடி ஒசரத்துக்கு. நாங்க சாக்ஸ் போட்டுக்கிட்டு, தாடை மட்டுக்கும் பட்டுச்சீலைய அடுக்கிக்கிட்டுத்தான் குளிக்கப் போவோம். இந்தா நிக்கிறாருல்ல, இவருதான் எங்க பாத்ரூமுக்கு மேனேஜரு."

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டருக்கும் சிரிப்பு வந்து, சட்டென்று நின்றுபோனது. "நீங்க யாரு?" என்று மேனேஜரைக் கேட்டார். அந்தப் பெரிய மனுஷன், சார் என்று கூப்பிடச் சொன்ன சிங்கம், சொன்ன பதில் இது: "நான் சும்மா, தெரிஞ்சவன்." சொல்லிவிட்டு, போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், அப்படியே கடைக்குப் போய்விட்டார். டாக்டர் வேலையிடத்தில் விழுந்ததாகவே எழுதினார். கடை வைத்தியச் செலவை ஏற்க வேண்டி வந்தது. ஆனால் வேலை? "கை சரியாகட்டும், பாக்கலாம்" என்றார்கள். பிறகு, "ஆள் போட்டாச்சு, சீசன் முடியட்டும்" என்றார்கள். அதோடு சரி. கையும் முழுசாகச் சரியாகவில்லை. ஒரே வீச்சில் முந்தி விரிந்து விழும்படி சீலையைப் போடுகிற கை அது. இப்போது சோற்றுப்பானையைத் தூக்க இடது கையும் சேர்ந்து வர வேண்டும். அக்கா பள்ளிக்கூட வேனில் ஆயாவாகச் சேர்ந்தார். நானும் கொஞ்ச காலத்தில் கடையை விட்டு வந்து, அவர் வீட்டுத் தெருவிலேயே பிளவுஸ் தைக்கும் கடை போட்டேன். ஆஸ்பத்திரியில் வளையலோடு சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்த வெட்டுப்பட்ட சாக்ஸைத்தான் அக்கா ஆணியில் மாட்டினார். வேலை போனதைக்கூட அவர் சிரிப்புக் கதையாக்கிவிட்டார். அப்போதும் மேனேஜரைத் திட்டமாட்டார். "பொய் சொல்லத் தெரியாத ஆளுடி. படியில ஏறியும் பாத்ததில்ல, பாத்ரூம்ல எப்பிடி விழுவாகன்னும் தெரியல. தெரியாத மனுசன்" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இந்த வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எடுப்பது. அவர்கள் எங்கே எடுப்பது என்று முடிவு செய்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சம்பந்தியம்மா ஆசைப்படும் இடத்தில் குறுக்கே நிற்க முடியுமா? அக்கா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை வருடம் கழித்துச் செருப்புக் காலோடு அந்தக் கல்லில் நடந்தோம். தரை அதே பளபளப்பு. வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று இப்போது சட்டம் வந்திருக்கிறது அல்லவா, கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேலே சீலைக்கட்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். காலைப் பார்த்தேன். அதே மைதா மாவு நிறம்.

மேனேஜர் இருந்தார். தலைக்குச் சாயம், கொஞ்சம் தொப்பை, அதே சீப்பு. எங்களை அடையாளம் தெரியவில்லை. வாங்க வந்தவர்களின் முகத்தைத்தான் அவர் பார்ப்பார், எங்களை முகமாக எப்போது பார்த்திருக்கிறார்? "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கை கூப்பினார். சம்பந்தியம்மாவுக்கு விரித்துப் போட்ட எதுவும் பிடிக்கவில்லை. மாம்பழக் கலரில் அரக்குக் கரை வேண்டும் என்றார். "குடோன்ல இருக்கும்மா, இப்ப வந்துரும்" என்று மேனேஜர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் ஏற்கெனவே இரண்டு கையிலும் சீலையோடு நின்றாள். அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார், "பிள்ள கை ரொம்பிக் கெடக்கு. நீங்களே போயி எடுத்துட்டு வாங்களேன் சார்." சம்பந்தியம்மாவும், "ஆமா, பெரியவரு எடுத்தா நல்லதாத்தான் இருக்கும்" என்றார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய வியாபாரம். மறுக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே திரைப்பக்கம் போனார்.

திரை பாதி விலகிக் கிடந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து படி தெரிந்தது. படிகாரக் கட்டிகூட அங்கேயே தொங்கியது, தூசி படிந்து. மேனேஜர் ஷூவைக் கழற்றினார். சரி, அது லட்சுமிக்காக. அத்தோடு ஏறியிருக்கலாம். ஏறவில்லை. முதல் படியில் உட்கார்ந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, போட்டிருந்த கறுப்புச் சாக்ஸை நிதானமாக உருட்டிக் கழற்றினார். அடுத்த காலையும் அப்படியே. இரண்டையும் ஷூவுக்குள் திணித்தார். உள்ளங்காலைக் கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்கால் விரலை ஒவ்வொரு படியிலும் ஊன்றி ஊன்றி, மெதுவாக ஏறினார். இறங்கும்போது ஒரே ஒரு சீலைதான் கொண்டுவந்தார், அதையும் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கை கைப்பிடியை விடவே இல்லை.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிருந்தது. மேனேஜர் மறுபடியும் உட்கார்ந்து சாக்ஸை மாட்டி, ஷூவைப் போட்டு, டக் டக் என்று வந்து, "அம்மாவுக்கு ஏத்த கலரு" என்று சீலையை விரித்தார். நல்ல கலர்தான். அதையே எடுத்தார்கள். அக்கா எதிலும் கலந்துகொள்ளவில்லை. வளைந்த மணிக்கட்டை மடியில் வைத்து இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வில்லாபுரம் தாண்டியதும் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சிருக்குடி அந்தாளுக்கு" என்றார். நான் அதைத்தான் அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரியாத மனுஷன் என்று நினைத்துத்தான் அந்தக் கையோடு அக்கா சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பையும் அந்த ஆள் ஒரு ஜோடி சாக்ஸோடு சேர்த்துக் கழற்றி எடுத்துக்கொண்டார். அவரைத் திட்ட எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் அன்றைக்கு எனக்குப் போதாமல் போனது.

போன வாரம் சம்பந்தியம்மா பத்திரிகை விஷயமாக அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். நானும் இருந்தேன். கை கால் கழுவப் போனவர், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன சம்பந்தி, பாத்ரூம் பக்கத்துல ஒத்தச் சாக்ஸு தொங்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். எப்போதும் வருகிற அந்த விறைப்பு வரவில்லை, அதற்குப் பின்னால் வருகிற சிரிப்பும் வரவில்லை. காபி டம்ளரை இடது கையால் தாங்கி நீட்டிக்கொண்டே சொன்னார்:

"கடையில குடுத்தது சம்பந்தி. வழுக்கும்னு தெரிஞ்சே குடுத்தது."